நர்சிங் படிப்பு: செலவு எவ்வளவு, சம்பளம் எவ்வளவு? வளவனூர் வீடுகளில் ஓடும் கணக்கு

ப்ளஸ் டூ ரிசல்ட் வந்த வாரத்தில் வளவனூர் வழியாக பஸ்ஸில் போனால் ஒரு விஷயம் கண்ணில் படும். விழுப்புரத்திலிருந்து கோலியனூர், வளவனூர் என்று புதுச்சேரி வரை சாலையோர பேனர்களில் வெள்ளை கோட்டும் புன்னகையுமாக இளம்பெண்கள். 'நர்சிங் அட்மிஷன் நடைபெறுகிறது', 'நூறு சதவிகித வேலைவாய்ப்பு', 'வெளிநாட்டில் லட்சங்களில் சம்பளம்'. கட்டணம் எவ்வளவு என்று மட்டும் எந்த பேனரிலும் இருக்காது. போன் நம்பர்தான் இருக்கும்.

ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். அப்பாவுக்கு ஒரு காணி நிலம், பாதி கரும்பு, பாதி மணிலா. அம்மா நூறு நாள் வேலைக்குப் போகிறார். பெண் அரசுப் பள்ளியில் பயாலஜி குரூப் எடுத்து, நல்ல மார்க்கோடு தேறியிருக்கிறாள். டாக்டர் கனவெல்லாம் நீட் மார்க்கோடு போய்விட்டது. இப்போது வீட்டில் ஒரே பேச்சு, நர்சிங்.

"ஏம்மா, ஒரு வருஷத்துலயே நர்ஸு ஆயிடலாம்னு இதுல போட்டிருக்கான். ஃபீஸும் கம்மியா இருக்கு. நீ எதுக்கு நாலு வருஷம்ங்கற?" என்று அப்பா கேட்பார். எல்லா வீட்டிலும் கேட்கப்படும் கேள்விதான் இது. இதற்குச் சரியான பதில் தெரியாமல் பணம் கட்டிய குடும்பங்கள் இந்தப் பக்கம் ஏராளம்.

ஒரு வருடப் படிப்பில் நர்ஸ் ஆக முடியுமா?

முடியாது. முதலில் இதைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும்.

இந்தியாவில் ஒருவர் நர்ஸ் என்று பதிவுபெற மூன்று வழிகள்தான் பரவலாக உள்ளன. இரண்டு வருட ஏ.என்.எம்., மூன்று வருட டிப்ளமோவான ஜி.என்.எம்., நான்கு வருட பி.எஸ்ஸி. நர்சிங். இந்தப் படிப்புகளுக்கான பாடத்திட்டத்தையும் விதிகளையும் வகுத்துவந்தது 1947-ம் வருடச் சட்டப்படி அமைந்த இந்திய நர்சிங் கவுன்சில். அந்தச் சட்டத்துக்குப் பதிலாக 2023-ல் தேசிய நர்சிங் மற்றும் மகப்பேறு செவிலியர் ஆணையச் சட்டம் நிறைவேறியது. மாநில அளவில், படித்து முடித்தவர்களைப் பதிவு செய்வது தமிழ்நாடு நர்சுகள் மற்றும் மருத்துவத் தாதிகள் குழுமம். அந்தப் பதிவு எண் இல்லாதவர், எத்தனை சர்டிபிகேட் வைத்திருந்தாலும் நர்ஸ் இல்லை. எம்.ஆர்.பி. தேர்வு எழுத முடியாது, ஜிப்மருக்கு விண்ணப்பிக்க முடியாது, வெளிநாட்டுக்கும் போக முடியாது.

பிறகு அந்த ஒரு வருடப் படிப்பு என்ன? பெரும்பாலும் நர்சிங் அசிஸ்டன்ட், ஹெல்த் அசிஸ்டன்ட் என்கிற பெயரில் வரும் சான்றிதழ் அல்லது டிப்ளமோ. இவற்றில் பல, சமுதாயக் கல்லூரிகள் என்ற ஏற்பாட்டில் தொடங்கியவை. இந்தியாவின் முதல் சமுதாயக் கல்லூரியே வளவனூருக்குப் பக்கத்தில், புதுச்சேரிப் பல்கலைக்கழகம் 1995-ல் ஆரம்பித்ததுதான். மறுவருடம் சென்னையில் ஒன்று வந்தது. பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவர்கள், கல்லூரிக்குப் போக வசதியில்லாதவர்கள் குறைந்த செலவில் ஒரு தொழிலைக் கற்றுக்கொண்டு உள்ளூரிலேயே வேலை தேடிக்கொள்ள வேண்டும் என்பது நோக்கம். நல்ல நோக்கம். வயதானவர்களைப் பார்த்துக்கொள்ளவும், வார்டில் உதவிக்கும் ஆட்கள் தேவைப்படத்தான் செய்கிறார்கள். அந்தப் படிப்பில் தப்பில்லை. 'நர்ஸ் படிப்பு' என்று சொல்லி அதை விற்பதுதான் தப்பு.

இந்தக் குழப்பத்துக்கு இணையமும் ஒரு காரணம். அமெரிக்காவில் 'கம்யூனிட்டி காலேஜ் நர்சிங்' என்றால் கதையே வேறு. அங்கே சமுதாயக் கல்லூரியில் இரண்டு வருட அசோசியேட் டிகிரி முடித்தவரும், பல்கலைக்கழகத்தில் நான்கு வருடம் படித்தவரும் எழுதுவது ஒரே என்க்ளெக்ஸ் தேர்வைத்தான். இருவருக்கும் கிடைப்பது ஒரே ஆர்.என். உரிமம். உள்ளூர் மாணவருக்குச் சமுதாயக் கல்லூரிக் கட்டணம் வருடத்துக்குச் சராசரியாகச் சுமார் 4,000 டாலர். அமெரிக்க அரசின் 2024 மே மாதக் கணக்குப்படி பதிவுபெற்ற நர்ஸின் இடைநிலைச் சம்பளம் வருடத்துக்கு 93,600 டாலர். படிப்புச் செலவை ஒரே வருடச் சம்பளத்தில் எடுத்துவிடலாம். அங்கேயும் பட்டம் கேட்கும் மருத்துவமனைகள் உண்டு. புதிதாக உரிமம் பெறும் நர்ஸ்கள் 10 வருடத்துக்குள் பட்டம் முடிக்க வேண்டும் என்று நியூயார்க் மாநிலம் 2017-ல் சட்டமே போட்டது. ஆனாலும் சின்னக் கல்லூரியில் ஆரம்பிப்பவருக்கு மேலே ஏற ஒரு படி இருக்கிறது. இங்கே ஒரு வருட நர்சிங் அசிஸ்டன்ட் படித்தவர் ஜி.என்.எம். சேர நினைத்தால், முதல் வருடத்திலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். கட்டிய பணமும் போன வருடமும் திரும்ப வராது.

கடன், வட்டி, கைக்காசு

இனி கணக்கு. அரசுக் கல்லூரியில் பி.எஸ்ஸி. நர்சிங் இடமோ, அரசு செவிலியர் பயிற்சிப் பள்ளியில் ஜி.என்.எம். இடமோ கிடைத்தால் யோசிக்கவே தேவையில்லை. தனியாரோடு ஒப்பிட்டால் கட்டணம் மிகச் சொற்பம். மருத்துவக் கல்வி இயக்குநரகத்தின் தேர்வுக் குழு நடத்தும் கவுன்சலிங் வழியாக, ப்ளஸ் டூ மார்க் அடிப்படையில்தான் இந்த இடங்கள் நிரப்பப்படுகின்றன. போட்டி கடுமை. அரசு நர்சிங் கல்லூரிகளின் எண்ணிக்கையும் மிகக் குறைவு. 2014-க்குப் பிறகு வந்த மருத்துவக் கல்லூரிகளோடு சேர்த்து நாடு முழுக்க 157 புதிய நர்சிங் கல்லூரிகள் என்று 2023 மத்திய பட்ஜெட்டில் அறிவிப்பு வந்தது. முண்டியம்பாக்கத்தில் இருக்கும் விழுப்புரம் அரசு மருத்துவக் கல்லூரி 2010-ல் தொடங்கியது. நான்கு வருடம் முந்திக்கொண்டதால் அந்தக் கணக்கில் வராமல் போனது.

புதுச்சேரி ஜிப்மர் இன்னொரு ஆசை. வளவனூரிலிருந்து ஒரே பஸ். ஆனால் அங்கே பி.எஸ்ஸி. நர்சிங் சேர நீட் மதிப்பெண் வேண்டும். 'நர்சிங்தானே' என்று நீட் எழுதாமல் விட்டவர்களுக்கு அந்தக் கதவு அந்த வருடம் மூடிவிடும். புதுச்சேரியின் மற்ற கல்லூரிகளில் உள்ளூர் ஒதுக்கீடு புதுச்சேரிக்காரர்களுக்கே. மதகடிப்பட்டு தாண்டாத வரை நாம் வேறு மாநிலம்தான்.

ஆக, பெரும்பாலான குடும்பங்கள் கடைசியில் வந்து நிற்பது தனியார் கல்லூரி வாசலில். கல்லூரிக்குக் கல்லூரி கட்டணம் மாறும். கணக்குப் போட வசதியாக, எல்லாம் சேர்த்து வருடத்துக்கு 1 லட்சம், நான்கு வருடத்துக்கு 4 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். 'எல்லாம்' என்பதில் கல்விக் கட்டணம் மட்டுமல்ல. யூனிஃபார்ம், புத்தகம், பல்கலைக்கழகத் தேர்வுக் கட்டணம், ஆஸ்பத்திரிப் பயிற்சிக்குப் போய்வர பஸ் கட்டணம், லேப் ரெக்கார்டு, ஹாஸ்டல் என்றால் அது தனி. சேரும் அன்று சொல்லும் தொகையில் இதில் பாதி இருக்காது. நான்கு வருடத்துக்கும் சேர்த்து எழுத்தில் கேட்டு வாங்குவது மரியாதைக் குறைவு இல்லை. தயங்காமல் கேட்கலாம்.

இந்த 4 லட்சத்தையும் வங்கிக் கல்விக் கடனாக, 10 சதவிகித வட்டியில் வாங்குவதாக வைத்துக்கொள்வோம். 4 லட்சம் வரை அடமானம் கேட்கக் கூடாது என்பது வங்கிகளின் பொதுத் திட்டம். படிப்பு முடிந்து ஒரு வருடம் வரை தவணை கட்டத் தேவையில்லை. ஆனால் வட்டி ஓடிக்கொண்டேதான் இருக்கும். வருடத்துக்கு ஒரு லட்சமாக வாங்கினால் ஐந்தாவது வருட முடிவில் தனி வட்டியாக மட்டும் 1,40,000 ரூபாய் ஏறியிருக்கும். மொத்தக் கடன் 5,40,000. இதைப் பத்து வருடத்தில் அடைக்க மாதத் தவணை சுமார் 7,140 ரூபாய்.

இப்போது வரவு. சின்ன ஊர் தனியார் மருத்துவமனை ஒன்றில் முதல் சம்பளம் 13,000 என்று வைத்துக்கொள்வோம். இதைவிடக் குறைவாகவும் ஆரம்பிக்கிறார்கள். பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. பிடித்தம் போக கைக்கு வருவது சுமார் 11,340. தவணை போனால் மிச்சம் 4,200. இதில்தான் பஸ், சாப்பாடு, போன் ரீசார்ஜ், தம்பி படிப்பு எல்லாம். மூன்று ஷிஃப்ட் வேலைக்கு, ராத்திரி கண் விழிப்பதற்கு, மிஞ்சுவது ஒரு நாளைக்கு 140 ரூபாய்.

இந்தக் கணக்கைப் பார்த்துவிட்டு 'நர்சிங்கே வேண்டாம்' என்று முடிவு செய்வது அவசரம். கணக்கை மாற்றக்கூடிய இடங்கள் சில இருக்கின்றன.

முதலாவது, வட்டி மானியம். குடும்ப வருட வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்தால், படிக்கும் காலத்துக்கும் அதற்குப் பின் ஒரு வருடத்துக்கும் ஆன வட்டியை மத்திய அரசே வங்கிக்குக் கட்டும் திட்டம் இருக்கிறது. நர்சிங் என்றால் கவுன்சில் அங்கீகாரம் உள்ள கல்லூரியாக இருக்க வேண்டும். இது கிடைத்தால் கடன் 4 லட்சத்திலேயே நிற்கும். தவணை சுமார் 5,290 ஆகக் குறையும். பத்து வருடத்தில் மிச்சம் மட்டும் 2,20,000 ரூபாய்க்கு மேல். ஒரு வருமானச் சான்றிதழுக்கு அலைவதற்கு இது நல்ல கூலி. ஆனாலும் பலர் நகைக்கடனுக்கும் கந்துவட்டிக்கும் போவது, வங்கியில் இரண்டு முறை 'மேனேஜர் இல்லை' என்று சொல்லித் திருப்பி அனுப்புவதால்தான்.

இரண்டாவது, உதவித்தொகை. ஆறாம் வகுப்பிலிருந்து ப்ளஸ் டூ வரை அரசுப் பள்ளியிலோ, அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ் வழியிலோ படித்த பெண்ணுக்குப் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய். பையன் என்றால் தமிழ்ப்புதல்வன். டிப்ளமோவுக்கும் உண்டு. நான்கு வருடத்துக்கு 48,000 வரை வரும். ஆதிதிராவிடர், பழங்குடியினர் குடும்பங்களுக்கு வருமானம் 2.5 லட்சத்துக்குள் என்றால் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை இருக்கிறது. தனியார் கல்லூரியிலேயே சேர்ந்தாலும், கவுன்சலிங் வழியாக அரசு ஒதுக்கீட்டில் சேர்வதற்கும் புரோக்கர் வழியாக மேனேஜ்மென்ட் இடத்தில் சேர்வதற்கும் கட்டணத்திலும் சலுகையிலும் பெரிய வித்தியாசம் வரும். 'கவுன்சலிங்லாம் எதுக்கு, நேரா வாங்க, சீட்டு நாங்க தர்றோம்' என்று போனில் இனிக்க இனிக்கப் பேசுபவர் சொல்லாமல் விடுவது இதைத்தான்.

டிப்ளமோவா, டிகிரியா?

எல்லா வீட்டிலும் ஒரு சித்தி இருப்பார். ஜி.என்.எம். படித்துவிட்டுப் பதினைந்து வருடமாகப் புதுச்சேரியில் ஏதோ ஓர் ஆஸ்பத்திரியில் வேலை பார்ப்பவர். "நானும் நீ படிக்கப்போற பி.எஸ்ஸி.காரியும் ஒரே வார்டுலதான் நிக்கிறோம். ஊசி போடறதுல டிகிரி ஊசி, டிப்ளமோ ஊசின்னு ஒண்ணும் கெடையாது" என்பார். பாதி உண்மை.

தமிழ்நாடு அரசு நர்ஸ் வேலைக்கு எம்.ஆர்.பி. நடத்தும் தேர்வை டிப்ளமோ முடித்தவரும் எழுதலாம், டிகிரி முடித்தவரும் எழுதலாம். சம்பளம் ஒன்றுதான். மத்திய அரசின் எய்ம்ஸ் நர்சிங் ஆபீசர் தேர்வுக்கு மட்டும் ஜி.என்.எம். படித்தவருக்கு 50 படுக்கைக்குக் குறையாத மருத்துவமனையில் இரண்டு வருட அனுபவம் கேட்கிறார்கள். பி.எஸ்ஸி. முடித்தவர் உடனே எழுதலாம். டீச்சிங் பக்கம் போக, எம்.எஸ்ஸி. படிக்க, பட்டம் வேண்டும். பின்னால் தோன்றினால் ஜி.என்.எம். முடித்தவர் இரண்டு வருட போஸ்ட் பேசிக் பி.எஸ்ஸி. படித்துக்கொள்ளலாம்.

செலவைப் பாருங்கள். ஜி.என்.எம். வருடத்துக்கு 80,000 என்று வைத்தால் மூன்று வருடத்துக்கு 2,40,000. வட்டியோடு சேர்த்துப் பத்து வருடத் தவணை சுமார் 4,120. தவிர, ஒரு வருடம் முன்னாலேயே சம்பளம் வர ஆரம்பிக்கும். 13,000 என்றால் அதுவே 1,56,000. கையில் காசு இல்லாத, அரசு வேலையையே குறிவைக்கும் வீட்டுக்கு ஜி.என்.எம். எந்த விதத்திலும் மட்டமான முடிவு இல்லை. காமர்ஸ், ஆர்ட்ஸ் குரூப் படித்தவர்களையும் ஜி.என்.எம்.மில் சேர்க்கலாம் என்கிறது கவுன்சில் விதி. பி.எஸ்ஸி.க்கு இயற்பியல், வேதியியல், உயிரியல் கட்டாயம். காமர்ஸ் மாணவிக்கு பி.எஸ்ஸி. நர்சிங் சீட் தருகிறேன் என்று ஒருவர் சொன்னால், அந்த இடத்திலிருந்து எழுந்து வந்துவிடலாம்.

அரசு வேலை என்னும் நீண்ட வரிசை

ஜிப்மரிலோ எய்ம்ஸிலோ நர்சிங் ஆபீசராகச் சேர்ந்தால் ஆரம்ப அடிப்படைச் சம்பளமே 44,900 ரூபாய், அதற்கு மேல் படிகள். எய்ம்ஸில் 80 சதவிகித இடம் பெண்களுக்கு, 20 ஆண்களுக்கு. இந்த வேலைதான் எல்லோர் கண்ணிலும் இருக்கிறது. ஆனால் எழுதுவது நாடு முழுக்க உள்ள நர்ஸ்கள்.

மாநில அரசு வேலையின் கதை கொஞ்சம் கசப்பு. 2015-ல் எம்.ஆர்.பி. 7,243 நர்ஸ்களை எடுக்க அறிவிப்பு வெளியிட்டது. தேர்வு எழுதி, தேறி, வேலைக்குச் சேர்ந்தவர்களுக்குக் கிடைத்தது மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியம். இரண்டு வருடத்தில் நிரந்தரம் என்று நம்பிக் காத்திருந்தவர்கள், 2017 நவம்பர் கடைசியில் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் ஆயிரக்கணக்கில் உட்கார்ந்தார்கள். கைக்குழந்தையோடு வந்தவர்களும் உண்டு. விஷயம் உயர் நீதிமன்றம் வரை போனது. அதன்பிறகு ஊதியம் 14,000 ஆகி, பிறகு 18,000 ஆனது. படிப்படியாக ஒரு பகுதியினர் நிரந்தரமானார்கள். கொரோனா காலத்தில் எடுத்த நர்ஸ்களுக்கு 2022 டிசம்பர் 31-ம் தேதியோடு ஒப்பந்தம் முடிந்தது. 2023 பிறந்ததே அவர்களுக்குப் போராட்டத்தில்தான். ஆகவே 'கவர்மென்ட் நர்ஸ்' என்று கணக்குப் போடும்போது முதல் சில வருடங்களுக்கு நிரந்தரச் சம்பளத்தைப் போடக் கூடாது. தொகுப்பூதியத்தைத்தான் போட வேண்டும்.

தனியார் சம்பளம் ஏன் இவ்வளவு குறைவு என்று உச்ச நீதிமன்றமே கவனித்திருக்கிறது. 2016 ஜனவரியில் கோர்ட் சொன்னதன் பேரில் மத்திய அரசு ஒரு குழு அமைத்தது. 200 படுக்கைக்கு மேலுள்ள தனியார் மருத்துவமனை அரசு நர்ஸுக்குச் சமமான சம்பளம் தர வேண்டும். 100-க்கு மேல் என்றால் 10 சதவிகிதம் வரை குறையலாம். 50 முதல் 100 வரை என்றால் 25 சதவிகிதம். 50-க்குக் கீழே உள்ள சின்ன மருத்துவமனையும் 20,000-க்குக் குறையக் கூடாது. இதுதான் குழுவின் பரிந்துரை. நடைமுறைப்படுத்துவது மாநிலங்களின் கையில். கேரளத்தில் நர்ஸ்கள் சங்கமாகச் சேர்ந்து போராடி, 2018 ஏப்ரலில் 20,000 ரூபாய் குறைந்தபட்ச அடிப்படைச் சம்பளத்துக்கு அரசாணை வாங்கினார்கள். விழுப்புரம் பக்கத்துச் சின்ன நர்சிங் ஹோம்களில் இந்தப் பரிந்துரையைப் பற்றிக் கேட்டால், சிரிப்புதான் பதிலாக வரும்.

ஜெர்மனி போகலாமா?

போகலாம். பேனரில் இருப்பது பொய் இல்லை. வரிசைதான் நீளம். ஜெர்மனிக்கு மொழித் தேர்வு பி2 நிலை வரை வேண்டும். அதற்குக் கிட்டத்தட்ட ஒரு வருடம் படிக்க வேண்டியிருக்கும், அந்த ஒரு வருடச் செலவும் வருமான இழப்பும் கணக்கில் சேரும். இங்கிலாந்துக்கு ஐ.இ.எல்.டி.எஸ். அல்லது ஓ.இ.டி., அதன்பின் அவர்களுடைய கவுன்சில் தேர்வுகள். அமெரிக்காவின் என்க்ளெக்ஸைச் சென்னையிலேயே எழுதலாம், விசாவுக்குத்தான் வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். வளைகுடா நாடுகளுக்கு அனுபவம் கேட்பார்கள். ஐ.சி.யூ., டயாலிசிஸ், ஆபரேஷன் தியேட்டர் என்று ஒரு பிரிவில் இரண்டு வருடம் உருப்படியாக வேலை பார்த்தவருக்குத்தான் எல்லா நாட்டிலும் மதிப்பு.

தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் நர்ஸ்களை அனுப்பிவருகிறது. குடிபெயர்வு அனுமதி தேவைப்படும் வளைகுடா நாடுகள் போன்றவற்றுக்கு நர்ஸ்களை அரசு அங்கீகரித்த அமைப்புகள் வழியாகவே எடுக்க வேண்டும் என்று 2015-ல் விதி வந்தது. பதிவுபெற்ற ஏஜென்ட்கூட சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான் வாங்கலாம். மூன்று லட்சம் கேட்பவர் எந்த விதியின் கீழ் கேட்கிறார் என்று கேட்டுப் பார்க்கலாம்.

சேர்வதற்கு முன்பு

கல்லூரியைப் பார்க்கப் போகும் நாளில் கட்டடத்தையும் ஏ.சி. லேபையும் காட்டுவார்கள். பார்க்க வேண்டியது ஆஸ்பத்திரியை. நர்சிங் கல்லூரிக்கு 100 படுக்கை கொண்ட சொந்த மருத்துவமனை இருக்க வேண்டும் என்பது கவுன்சிலின் விதி. அந்தப் படுக்கைகளில் நோயாளிகள் இருக்கிறார்களா? மாணவிகளைப் பயிற்சிக்கு வேறு எங்கே அனுப்புகிறார்கள்? நூறு பிரசவம் நடக்கும் அரசு மருத்துவமனையில் நின்று கற்றுக்கொண்டவரும், காலி வார்டில் பொம்மையை வைத்துக் கற்றுக்கொண்டவரும் வேலைக்குப் போன முதல் வாரத்திலேயே தனித்தனியாகத் தெரிந்துவிடுவார்கள். சம்பளமும் அதற்கேற்ப.

போன வருடம் படித்து முடித்த மாணவி ஒருவரிடம், கல்லூரிக்கு வெளியே, பத்து நிமிடம் பேசினால் போதும். எவ்வளவு கட்டினாய், எங்கே வேலை, கைக்கு எவ்வளவு வருகிறது, ஒரிஜினல் சர்டிபிகேட் உன்னிடம் இருக்கிறதா. கடைசிக் கேள்வி முக்கியம். வேலையில் சேரும்போது ஒரிஜினலை வாங்கி வைத்துக்கொண்டு, விலக நினைத்தால் பணம் கேட்கும் பழக்கம் சில இடங்களில் உண்டு. படிப்புச் சான்றிதழ் அடமானப் பொருள் அல்ல என்று சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

வளவனூர் வீட்டில் இப்போது என்ன நடக்கும்? அப்பா காணியை அடமானம் வைக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருப்பார். சித்தி வந்து, "மாமா, நெலத்துல கைய வைக்காதீங்க. மொதல்ல கவுன்சலிங்குக்குப் போடுங்க. வரலைன்னா ஜி.என்.எம். பாப்போம். பேங்குக்கு நான் கூட வர்றேன்" என்பார். பெண் உள்ளே உட்கார்ந்து, சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், டி.சி. எல்லாவற்றையும் போனில் போட்டோ எடுத்துக்கொண்டிருப்பாள். ஒரு வருடத்தில் நர்ஸ் ஆகலாம் என்ற அந்த நோட்டீஸ், மணிலா மடித்துக் கொடுத்த காகிதமாகத் திண்ணையில் கிடக்கும்.